கறார்க்காரி சொன்ன பதில்

ஊரில் அவளைக் கறார்க்காரி என்றுதான் சொல்வார்கள். புருஷன் செத்தபின் நாலு ஏக்கர் வெங்காயத்தைப் பன்னிரண்டு வருஷமாக ஒண்டியாகப் பார்த்தவள். சிரித்துப் பேசினால் நிலம் கைமாறிவிடும் என்று பயம். பயத்துக்குக் காரணம் கொழுந்தன்.

"விவசாயம் செத்துப்போச்சு அண்ணி, வித்துத் தொலைங்க" என்று அடிக்கடி வந்து நிற்பான். வாங்கக் காத்திருந்தவனும் அவன்தான்.

அவன் வாசலில் நின்றிருந்த ஒரு நாள், வேளாண் அலுவலகத்துக் கணக்கெடுப்பு ஆள் வந்தான்.

"விவசாயப் பொருளாதாரத்து மேல நம்பிக்கை இருக்காம்மா?"

"துளிகூட இல்ல."

"உங்க சொந்த விவசாயம்?"

கொழுந்தன் காதைத் தீட்டிக்கொண்டான். மழையில் நனைந்த வெங்காயம் கொட்டகையில் பாதிக்குமேல் அழுகியிருந்தது. ஆனால் அவன் மூஞ்சியைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அமோகமா இருக்கு. எழுதிக்கோ."

அடுத்த மாதம் மழைச்சேதக் கூட்டம். அதிகாரி மைக்கைப் பிடித்தார். "சொந்த விவசாயம் நல்லாயிருக்குன்னு கணக்கெடுப்புல நீங்களே சொல்லியிருக்கீங்க. அதனால இங்க நிவாரணம் கிடையாது."

"எவன்டா அப்படிச் சொன்னது?" என்று கூட்டம் கொதித்தது.

"நான் சொன்னேன்" என்று எழுந்தாள்.

"நாசமாப் போறவளே, எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டியே!" என்று, ஊருக்கெல்லாம் உழுதுகொடுக்கும் டிராக்டர்காரர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

அவள் அவரை இடித்துத் தள்ளிவிட்டு அதிகாரி முன் போய் நின்றாள். "நிலத்தைக் கொத்திட்டுப் போகக் கழுகு பக்கத்துல நின்னுச்சு. அது முன்னாடி அழுவேனா? கணக்கெடுக்க வந்தவன் கொட்டகைய எட்டிப் பார்த்தானா?"

பின்வரிசையில் ஒருவர் முனகினார்: "எனக்கும் அப்போ சம்பந்தி வந்திருந்தாரு. நல்லாயிருக்குன்னுதான் சொன்னேன்." இன்னும் நாலைந்து தலைகள் குனிந்தன. டிராக்டர்காரரும் போய் உட்கார்ந்துகொண்டார்.

"சொன்னது சொன்னதுதான்" என்று அதிகாரி ஜீப்பில் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை அழுகின வெங்காயத்தை வண்டியோடு கொண்டுபோய் அலுவலக வாசலில் கவிழ்த்தாள். மத்தியானத்துக்குள் மற்றவர்களும் கவிழ்த்தார்கள். மூன்று நாள் நாற்றத்தில் உள்ளே ஒருவராலும் உட்கார முடியவில்லை. நாலாம் நாள் வயல்களைப் பார்க்க ஆள் வந்தது. நிவாரணமும் வந்தது, கேட்டதில் பாதி.

அதற்காக யாரும் அவளிடம் நல்ல வார்த்தை பேசவில்லை. கூட்டத்தில் இடிபட்ட கோபத்தில் டிராக்டர்காரர் உழ வர மறுத்துவிட்டார். அவள் கெஞ்சவில்லை, பக்கத்து ஊர் வண்டியைப் பிடித்து உழுதுவிட்டு, மறு வாரமே நாற்று நட்டாள்.