இறம்பொடையில் நாற்காலி இல்லாத இடம்

இறம்பொடை மலைப்பாதை வளைவில் பஸ் நிற்கிறது. மழை இன்னும் விடவில்லை. தேநீர்க் கடைப் பின்முற்றத்தின் பள்ளத்தாக்கு விளிம்பில் நின்று பார்த்தால் அருவி முழுதாகத் தெரிகிறது. உட்கார்ந்து பார்க்க ஒரு நாற்காலிகூட இல்லையே என்று கடைக்கார அக்காவிடம் குறைப்படுகிறேன்.

“இருந்துச்சுங்க. நேத்துதான் உள்ள எடுத்துப் போட்டோம்.”

அவர் குனிந்து, எங்களுக்கு நடுவே தரையில் ஓடும் வெடிப்புக்குள் கையை விடுகிறார்.

“காலையில ரெண்டு வெரல்தான் போச்சு.”

இப்போது மூன்று போகின்றன. கடை வாசலில் உடுப்பு மூட்டையும் பிள்ளைகளின் புத்தகப் பையும் தயாராக இருக்கின்றன.

“எப்போது கிளம்புவீர்கள்?”

“கை முழுசா போனா எறங்கிருவோம்னு பேசி வச்சிருக்கோம்,” என்றவர் நிமிர்ந்து என் கால்களைப் பார்க்கிறார். “நீங்க மெதுவா இந்தப் பக்கம் வந்துருங்க.”