ஈர மண்ணில் இறங்கிய மாப்பிள்ளை

எங்கள் ஊரில் திஹோமிர் என்று கேட்டால் யோசிப்பார்கள். விதோயே வீட்டு மாப்பிள்ளை என்றால் உடனே கை காட்டுவார்கள். மலை மேல் ஒரு கிராமத்தில் மூன்றாவது பையனாகப் பிறந்தவன். பங்கு பிரித்தால் நிற்கக்கூட இடம் மிஞ்சாது. அதனால் விதோயே மகள் ஸ்டோயாங்காவைக் கட்டிக்கொண்டு, ஒரே பெட்டியோடு மாச்வா சமவெளிக்கு இறங்கி, மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டான். வீட்டோடு மாப்பிள்ளைக்கு எங்கள் பக்கம் என்ன மரியாதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணப் பந்தியிலேயே அவனுக்குச் சமையல் ஏப்ரன் கட்டிவிடலாமா என்று கேலி செய்தார்கள். செய்தவர்களில் நானும் ஒருவன்.

பதினான்கு வருடம் அவன் மாமனாரின் ஒரு ஹெக்டேர் நிலத்தில் வெங்காயத்துக்குப் பாத்தி தயார் செய்தான். வெங்காய விதை பொடிசு. கட்டி மண்ணில் போட்டால் முளைக்காது. சின்ன டிராக்டரின் பின்னால் முதலில் ரோட்டவேட்டர், அடுத்து கொக்கிக் கலப்பை, கடைசியில் உருளை என்று மாற்றி மாற்றி மாட்டுவான். மண் மாவு மாதிரி ஆகிவிடும். பிறகு மாமனார் வருவார். பூட்ஸைக் கழற்றி, காலுறையையும் கழற்றி, வெறுங்காலோடு பாத்தி மேல் நடப்பார். எங்காவது ஒரு கட்டி குத்தினால் போதும்.

“மாப்பிள்ளை, இதுல விதைக்கிறதா, இல்ல வீடு கட்டுறதா?”

அவன் மறுபடி டிராக்டரில் ஏறுவான். விதைப்பது மட்டும் கிழவர்தான். விதைப் பெட்டியை அவன் தொட்டதே இல்லை.

இந்த வருடம் பிப்ரவரியில் அவனுடைய அண்ணன் நோவி சாத் நகரத்திலிருந்து போன் செய்தான். மெக்கானிக் ஷெட்டில் ஆள் தேவை, மேலே இரண்டு அறையும் உண்டு, மார்ச் கடைசி வரை காத்திருப்பதாகச் சொன்னான். திஹோமிர் மனைவியிடம் கெஞ்சினான். அவள் சொன்னதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானே கேட்டேன்.

“அந்த நிலம் இருக்கிற வரைக்கும் அப்பாவை விட்டுட்டு வரமாட்டேன். பாத்தி ஒரு வருஷம் கெட்டாலும் கூட்டுறவுக்குக் குத்தகை விட்டுடுவேன்னு அவரே சொல்லிக்கிட்டிருக்காரு. விட்டார்னா மறுநாளே கிளம்பலாம்.”

அன்று சாயங்காலம் அவன் என்னிடம் வந்தான். முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

“ஒப்ராத் அண்ணே, அந்த வீட்ல எனக்கு மூச்சு முட்டுது. நான் என்ன பண்ண?”

யோசனை சொன்னது நான்தான். “இதுக்குப் போய் ஏன்டா அழுவுற? பனி உருகி நிலம் சேறாக் கிடக்கு. இப்பவே ரோட்டவேட்டரை இறக்கு. மிச்சத்தை மண்ணு பாத்துக்கும்.”

ஈரத்தில் ரோட்டவேட்டர் ஓட்டக் கூடாது என்பது எங்கள் ஊரில் கோழிக்குக்கூடத் தெரியும். மறுநாள் காலை அவன் ஓட்டினான். மண் பிசைந்த மாவு போல் சுருண்டு, முஷ்டி முஷ்டியாகக் கட்டி விழுந்தது. சக்கரத் தடத்தில் தண்ணீர் தேங்கியது. நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினான். பதினான்கு வருடம் தடவித் தடவி வளர்த்த நிலமாயிற்றே.

விதோயே வந்து பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

“முடிஞ்சுது. திங்கக்கிழமை கூட்டுறவுக்குப் போறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஸ்டோயாங்கா பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள்.

அன்றே வானம் தெளிந்தது. அடுத்த மூன்று நாளும் காலையில் கடும் உறைபனி. பகலில் உருகும், விடிவதற்குள் மறுபடி உறையும். பிறகு கிழக்குக் காற்று அடித்து மேல்மண்ணை உலர்த்தியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும் வழியில் விதோயே அந்த வயலோரம் நின்று, சலித்துக்கொண்டே ஒரு கட்டியைக் காலால் உதைத்தார். அது அப்படியே பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே இருந்த ஈரம் உறைந்து உறைந்து அதைப் பிளந்திருந்தது. இன்னொன்றை உதைத்தார். அதுவும் உதிர்ந்தது. பின்னால் வந்த நானும் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தேன், மாவாகிவிட்டது.

“மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமைன்னு பாக்காதே. கொக்கிக் கலப்பையும் உருளையும் மாட்டிட்டு வா” என்று குரல் கொடுத்தார்.

அவன் வந்தான். வராமல் இருந்திருக்கலாம், உருளை உடைந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு முறைதான் ஓட்டினான். அப்படி ஒரு பாத்தியை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. கிழவர் வெறுங்காலோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். அதற்குள் சர்ச்சிலிருந்து வந்த பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

“பாத்தீங்களாடா? உறைபனி வந்து கட்டியை உடைக்கும்னு கணக்குப் போட்டே ஈரத்துல இறங்கியிருக்கான். இந்த மூளை என் பரம்பரையில ஒருத்தனுக்கும் இல்ல. நான் என்னவோ கூட்டுறவுக்குத் தூக்கிக் கொடுக்க இருந்தேன்” என்றார் விதோயே. அங்கேயே ரக்கியா சாராயப் புட்டியை எடுத்து அவன் கையில் முதலில் கொடுத்தார். “திங்கக்கிழமை ஷாபாட்ஸ் பதிவு ஆபீசுக்குப் போறோம். நிலத்தை உன் பேருக்கு எழுதுறேன்.”

எல்லோரும் அவன் தோளைத் தட்டினார்கள். அவன் தலை குனிந்து ஒரு மடக்குக் குடித்தான். உண்மையைச் சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

திங்கட்கிழமை கையெழுத்து ஆனது. ஸ்டோயாங்கா சந்தோஷத்தில் அழுதாள். “சொந்த நிலத்தை விட்டுட்டு யாராவது போவாங்களா?” என்று என் மனைவியிடமும் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வேலியருகில் நின்று அவன் அண்ணனுக்குப் போன் செய்தான். அந்த இடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். வைத்த பிறகு அவனைப் பிடித்துத் திட்டினேன்.

“ஏன்டா, நிலத்தைக் கெடுக்கத்தான் இறங்கினேன்னு அங்கேயே சொல்லியிருக்க வேண்டியதுதானே? ஒரு வார்த்தை. வாயில என்ன கொழுக்கட்டையா?”

அவன் வயலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பதினாலு வருஷத்துல மொத தடவையா நல்லா இருக்குன்னாரு, அண்ணே. இன்னும் ஒரு நிமிஷம் கேட்டுக்கலாம்னு இருந்துட்டேன்.”