லைனில் நின்ற தாய்மாமன்

எத்திராஜ் வேலை பார்த்தது திருமழிசைத் தொழிற்பேட்டையில், தோலுக்குச் சாயமேற்றும் ரசாயனம் தயாரிக்கிற சின்னக் கம்பெனி ஒன்றில். டிரம்களைக் கண்டெய்னர் பெட்டியில் அடுக்கி, சீல் வைத்து, துறைமுகத்துக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. அனுப்பினால் மட்டும் போதாது. கப்பலுக்குக் குறித்த நேரத்துக்குள் பெட்டி துறைமுகத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்த கப்பல்தான். அதுவரைக்கும் பெட்டிக்கு வாடகை, லாரி நின்றதற்குக் கூலி, தாமதத்துக்காக வெளிநாட்டுக்காரன் பிடித்துக்கொள்வது என்று சரக்கின் லாபமெல்லாம் கரைந்துவிடும். அந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு கப்பல்கள் தவறியிருந்தன.

"இன்னொரு கப்பல் போச்சுன்னா நைட் ஷிஃப்ட்ட மூடிடுவேன், எத்திராஜ்" என்றார் முதலாளி. சத்தம் போடாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. நைட் ஷிஃப்ட்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் சென்னீர்குப்பத்தில் எத்திராஜின் தெருக்காரர்கள். அவர் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

கம்பெனி லாரியை ஓட்டியவன் கன்னியப்பன், எத்திராஜின் மனைவி ராணிக்குத் தம்பி. பெற்றவர்கள் போனபின் ராணிதான் அவனை வளர்த்தாள். தீப்பிடிக்கிற சரக்கை ஏற்றத் தனி லைசென்ஸ் வேண்டும்; அவனை அந்த லைசென்ஸ் எடுக்க வைத்து, வேலையிலும் சேர்த்துவிட்டவர் எத்திராஜ். கம்பெனியில் அது வேறு எந்த டிரைவரிடமும் இல்லை.

எத்திராஜின் மகள் மதிவதனிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு வைத்தார்கள், பூந்தமல்லியில் மண்டபம் பிடித்து. கன்னியப்பன் வெள்ளிக்கிழமை லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

"நாளைக்கு சாயங்காலம் வந்துடுவேன் மாமா. பொடவ, மால எல்லாம் வாங்கி கேபின்லயே வச்சிகினேன். நேரா மண்டபத்து வாசல்ல வண்டிய நிறுத்துறேன்."

"லாரிலயாடா வருவ?"

"ஊர்ல எவனுக்கு மாமே லாரில சீர் வந்துகீது? உன் பொண்ணுக்கு வரட்டும்!"

துறைமுகத்தில் ஸ்கேனர் பழுதாகி, ஒரே ஒரு கேட்டைத் திறந்துவைத்திருந்தார்கள். லாரிகளின் வரிசை கண்ணுக்கு எட்டாத தூரம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலை, மண்டபத்துப் பின்புறம் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்த இடத்தில் எத்திராஜின் போன் அடித்தது.

"மாமா, வண்டிய ஓரங்கட்டிட்டு பஸ் புடிச்சி வந்துட்டு ஓடிடறேனே. மாலைய போட்டவுடனே திரும்பிடுவேன்."

"லைன விட்டுடாத மச்சான். நீ இல்லாத நேரம் பாத்து நகந்துச்சுன்னா கடைசிலேந்துதான் நிக்கணும். கப்பல் போயிடும். நைட் ஷிஃப்ட் பசங்கள நெனச்சிப் பாரு."

"அக்கா இன்னா சொல்லும்?"

"அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவர் சொல்லவில்லை. ராணி மண்டபத்து வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தாள். தம்பிக்குப் போன் போட்டாள்; அதற்குள் அவன் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. "மாமன் சீர் இன்னும் வரலியா?" என்று வந்தவர்கள் கேட்டார்கள். கேட்காதவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் தூரத்துச் சொந்தமான பரத் என்பவனைக் கூப்பிட்டு மாலை போடச் சொன்னார்கள். அப்போது ராணியின் முகத்தை எத்திராஜ் பார்த்தார். விசேஷம் முடியட்டும், ராத்திரி சொல்லிவிடலாம் என்று நினைத்தார். ராத்திரி அவள், "இனிமே அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றபோது விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பெட்டி துறைமுகத்துக்குள் போனபின் கன்னியப்பன் புடவையோடு வீட்டுக்கு வந்தான். ராணி வாசலை மறித்து நின்றாள்.

"எங்கடா போயிருந்த?"

அவன் எத்திராஜைப் பார்த்தான். எத்திராஜ் தரையைப் பார்த்தார். சட்டென்று கன்னியப்பன் சிரித்தான்.

"சரக்கு அடிச்சிட்டு தூங்கிட்டேன்க்கா."

அவள் புடவையைத் தெருவில் எறிந்தாள். அவன் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு, போய்விட்டான்.

அவ்வளவுக்கும் பிறகு அந்தக் கப்பலே கரையணைய இடம் கிடைக்காமல் கடலில் நின்றது. பெட்டி துறைமுகத்தில் கிடந்தது. கிடந்ததற்கு வாடகை கேட்டார்கள். யார் தப்பு என்று கேட்க ஆளில்லை, பில் மட்டும் வந்தது. அடுத்த மாதமே நைட் ஷிஃப்ட்டை மூடினார்கள்.

கன்னியப்பனும் ராணியும் பேசிக்கொள்ளவே இல்லை. தனக்கும் அவனுக்குமாகச் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போவது எத்திராஜின் வழக்கமாயிற்று. அக்கா கொடுத்தனுப்பியதா என்று கன்னியப்பன் கேட்டதில்லை. மழைக்காலத்தில் அவனுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று எத்திராஜ் சொன்னபோது, "குடிச்சே கெடுத்துக்கறான், நாளைக்குப் பாக்கலாம்" என்றாள் ராணி. மறுநாள் பிணவறையில்தான் பார்த்தாள்.

கருமாதி முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் செங்கல்வராயன் வந்தான். ராணியின் எதிரில் குந்தினான்.

"தங்கமான புள்ளக்கா. வாய்ல ஒரு சொட்டு வச்சதில்ல. ஒருவாட்டி என் வண்டி அவனுக்குப் பின்னாடியே லைன்ல நின்னுச்சு. அக்கா பொண்ணுக்கு சடங்காம், மாமா லைன விடாதன்னுட்டாராம். பொடவைய மடில வச்சிகினு அப்படி அழுதான். நான்தான் டீ வாங்கிக் குடுத்தேன்."

சுற்றியிருந்தவர்கள் எத்திராஜின் பக்கம் திரும்பினார்கள். செங்கல்வராயன் எதுவும் புரியாமல் எல்லோரையும் பார்த்தான்.

ராணி கத்துவாள் என்று எத்திராஜ் காத்திருந்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்று கூட நினைத்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்குப் போன்ல வேற இன்னா கேட்டான்?"



"பாப்பா இன்னா கலரு பாவாட கட்டிகினு கீதுன்னான்."

"நீ இன்னா சொன்ன?"

"வண்டி நகருதா பாருன்னேன்."