ஜீப்பின் முதற்பலன்

எங்கள் வீட்டில் வெளியூர் போவதென்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, சபைக் கன்வென்ஷன். ஏதாவது ஒரு ஏரிக்கரைக்குப் போய்க் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று நான் சொன்னபோது நைனா கேட்டது ஒரே கேள்வி.

"அங்க யாரு ஊடு கீது?"

யார் வீடும் இல்லை என்றேன். பிறகு எதற்குப் போக வேண்டும் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

காரணம் என்னிடம் இருந்தது, அவரிடம்தான் சொல்லவில்லை. அதற்குச் சில நாள் முன்பு ஒரு சாயங்காலம், நைனா குளியலறையிலிருந்து துண்டு எங்கே என்று கேட்டார். அதே நேரத்தில் நான் கூடத்திலிருந்து சார்ஜர் எங்கே என்று கேட்டேன். அடுப்படியில் இருந்த அம்மா இரண்டுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். பிறகு தாளிக்கிற கரண்டியைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரே ஒரு நாளு, அது எங்க, இது எங்கன்னு யாரும் கேக்காம, கால நீட்டிக்கினு ஒக்காந்துகினு இருக்கணும். அவ்ளோதான்."

ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலையில் எந்திர பாகங்களுக்குப் படம் வரைவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பையும் கல்லூரியின் முதல் வகுப்பையும் பார்த்த முதல் ஆள் நான். எந்தப் பிரச்சினையையும் படமாக வரைந்து பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. அம்மாவை ஒரு நாள் உட்கார வைப்பதும் அப்படிப்பட்ட ஒரு பிரச்சினைதான் என்று முடிவு செய்தேன். வீட்டுக்குள் அவள் உட்கார மாட்டாள். எனவே வீட்டுக்கு வெளியே, வீடு மாதிரி இல்லாத ஒரு இடம் வேண்டும். அங்கே போக ஒரு வண்டி வேண்டும்.

வண்டி கிடைத்தது. புத்தலப்பட்டில் நைனா இருபது வருஷம் வேலை செய்த மாந்தோப்பில், அவர் ஓட்டிய ஒரு பழைய ஜீப் இருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற ஜாதி. தோப்புக்காரரின் பிள்ளைகள் அதை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு என் பெயரில் வாங்கினேன். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆர்.சி. அட்டையில் என் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார். அதன்பின் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் அதே இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். ஒருமுறை அட்டை தலைகீழாக இருந்தது. பார்த்தவரும் பலமாகத் தலையாட்டினார்.

இத்தனை வருஷம் மாங்காய் சுமந்ததில் வண்டியின் இரும்பிலேயே மாம்பழ வாசனை ஏறியிருந்தது. வெயில் ஏறினால் ஈக்கள் பின்னாலேயே வரும். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம் என்று ரேணிகுண்டா மெக்கானிக் ஒருவர் நம்பிக்கை கொடுத்தார். அவரிடம் பதினோரு பக்கப் படம் கொடுத்தேன். மில்லிமீட்டர் சுத்தமாக, மூன்று கோணத்தில், வண்ணத்தோடு. அவர் அதை மரியாதையோடு வாங்கி மேஜையில் விரித்து, அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். பிறகு ஜீப்புக்குள் ஏறிச் சாண் போட்டு அளக்கத் தொடங்கினார்.

மாதக்கணக்கில் வேலை நடந்தது. குலுக்கலைத் தாங்கும் வில் பட்டையில் இரண்டு தகடு கூடின. சேற்றைக் கவ்வுகிற டயர்கள் வந்தன. கூரைமேல் ஒரு கம்பித் தட்டு, அதன் ஓரமாகக் கறுப்பு பெயின்ட் அடித்த குழாய். அதில் தண்ணீர் நிரப்பினால் வெயிலிலேயே சூடாகிவிடும். பக்கவாட்டில் இழுத்துக் கட்ட ஒரு துணிப்பந்தல். பின்னால் இழுப்பறைகள், அவற்றின்மேல் கட்டிலாக விரியும் பலகை. பன்னிரண்டு அறைகளுக்கும் நானே எழுதிச் சீட்டு ஒட்டினேன். எல்லாமே ஸ்பானர் போட்டுக் கழற்றக்கூடியவை, ஆர்.டி.ஓ. ஆபீசில் பதில் சொல்லப்போவது நானாயிற்றே.

படத்தின் உயிர்நாடி ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. அடுப்பு வைக்கும் தட்டு. அதைப் பார்த்த மெக்கானிக், இது மனிதர் சமைக்கவா ஒட்டகம் சமைக்கவா என்று தெலுங்கில் கேட்டார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். தட்டின் உயரம் நைனாவுடைய நெஞ்சளவு. அம்மா குள்ளம். அடுப்பு அவளுக்கு எட்டாது. எட்டாவிட்டால் அவள் சமைக்க முடியாது. நைனாவுக்கு ஆம்லெட் போடத் தெரியும், ஒரு ராத்திரிக்கு அது போதும்.  மெக்கானிக் எதற்கும் இருக்கட்டும் என்று தன் கணக்கில் இரண்டு விரல்கடை சேர்த்து உயர்த்தி வைத்தார். என் படத்தை அவர் வாசித்தது அந்த ஒரு பக்கம்தான்.

வண்டி வீட்டுக்கு வந்த வாரம், ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மைகளுக்குச் சாட்சி சொல்லும் நேரத்தில் நைனா எழுந்தார். இருபது வருஷம் கூலிக்கு ஓட்டிய வண்டி இப்போது தன் மகள் வண்டி என்றார். அதுவரை சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து, "இந்த ஜீப்போட முதற்பலன் கர்த்தருக்கு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் சபையில் முதலாவது எதுவோ அது கோயிலுக்கு. முதல் அறுப்பு நெல், கோழியின் முதல் முட்டை, என் முதல் மாதச் சம்பளம் எல்லாம் அப்படித்தான் போயின. ஆனால் ஜீப் எதைக் காய்க்கும்? கமிட்டி கூடிப் பேசியது. முதல் நாள் வாடகை என்றார் ஒருவர். வாடகைக்கு விடும் வண்டி இல்லை என்றேன். பழைய டயர் என்றார் இன்னொருவர். கடைசியில் போதகர் தீர்ப்புச் சொன்னார். வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அதன் முதல் தடவைதான் முதற்பலன். ஆகவே ஏரிக்கரையில் தங்கும் அந்த முதல் பயணத்தை அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடலாம், எடுப்பவர் போகட்டும்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் ஒரு மணி நேரம் பேசினேன். முதல் பயணம் அம்மாவுக்காக வைத்திருந்தது என்று மட்டும் சொல்ல முடியவில்லை, அம்மா பக்கத்தில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாமே ஏலம் எடுத்துவிட்டால் போயிற்று என்று அவர் சுலபமாகச் சொன்னார். அதுவும் சரிதான் என்று பட்டது.

பண்டிகையன்று கோயில் வாசலில் பூசணி, வாழைத்தார், கால் கட்டிய சேவல், வீட்டில் செய்த கேக், இவற்றுக்கு நடுவில் ஒரு அட்டையில் ஜீப்பின் படம். ஏலம் போட்ட கமிட்டிப் பெரியவர் பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் கூவினார். சேவல் போனதும் எங்கள் முறை. நான் கேட்டேன். பெண்கள் பக்கத்தில், பூசணிக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. நான் ஏற்றிக் கேட்டேன். கை மறுபடி உயர்ந்தது. தொகையைச் சொல்லப்போவதில்லை. அந்தப் பணத்துக்கு சேவலையும் கேக்கையும் வாங்கி, ஏலம் போட்டவரையும் வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கலாம். என்னிடமிருந்தது தீர்ந்து நான் நிறுத்தினேன். "ஒருதரம், ரெண்டோசாரி, மூணுதரம்" என்றார் பெரியவர். சபை மாதர் சங்கத்துக்கு, சங்கத்துப் பணத்தில், என்று முடிந்தது. பூசணிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். கை என் அம்மாவுடையது.

ஒரு ஓரமாக அவளை இழுத்துப் போனேன். "யம்மா, நமக்குன்னுதான செஞ்சேன். குடும்பத்தோட போவத்தான."

அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "குடும்பத்தோட போனா நானு சமைக்கறவ. சங்கத்தோட போனா நானு மெம்பரு."

பதினோரு பக்கத்தில் எங்கேயும் இது இல்லை.

ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். பிச்சாட்டூர் ஏரியை ஒட்டிச் சபையில் ஒருவருக்கு நிலம் உண்டு, அங்கே தங்க அனுமதி வாங்கியாகிவிட்டது. நான் ஓட்ட, அம்மா பக்கத்தில். மூன்று பேருக்கு என்று செய்த கட்டில் பலகைகளின்மேல் சங்கத்துப் பெண்கள் ஐந்து பேர். அவர்கள் உட்கார்ந்துவிட்டால் கீழே உள்ள இழுப்பறைகள் திறக்காது. வண்டியை எடுக்கும் நேரத்தில் அம்மா என்னவோ ஞாபகம் வந்து வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சின்னப் பை ஒன்றோடு வந்தாள். வைக்க இடமில்லாமல் வண்டியைச் சுற்றி வந்து எங்கேயோ செருகிவிட்டு ஏறினாள். நான் கவனிக்கவில்லை. நைனா வாசலில் நின்று கையாட்டினார். அவரை அழைக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்த மாதிரி இருந்தது.

திருப்பதி சிக்னலில், மொட்டை போட்ட ஒரு குடும்பம் எங்களை ஷேர் ஜீப் என்று நினைத்து ஓடிவந்து, ரயில்வே ஸ்டேஷனுக்கு எவ்வளவு என்று கேட்டது. பின்னாலிருந்த சங்கத்து அத்தை ஒருத்தி, இப்போது இடமில்லை, நாளைக்கு வருவோம், இங்கேயே இருங்கள் என்று தெலுங்கில் சொன்னாள். அவர்கள் சரி என்றார்கள்.

ஏரிக்கரையில் சேறு. பின்சக்கரங்கள் சுழன்று நின்றன. எல்லாரையும் இறக்கிவிட்டு, நான்கு சக்கரத்துக்கான கம்பியை இழுத்துப் போட்டேன். வண்டி உறுமி, புதைந்து, நிமிர்ந்து, மேட்டில் ஏறி நின்றது. என் வாழ்க்கையில் நான் செய்த அழகான காரியங்களில் அது ஒன்று. திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. ஆறு பேரும் ஒதுங்க மறைவிடம் தேடிப் போயிருந்தார்கள். மிச்சத் துணியில் போனால் போகிறதென்று தைத்திருந்த கழிப்பறைக் கூடாரத்தை எடுத்து நிறுத்தினேன். அவ்வளவுதான், வில் பட்டை, டயர், சுடுதண்ணீர்க் குழாய் எதையும் அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜிப்பைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். அந்த அத்தை தன் மகள் கல்யாணத்துக்கு அதைத் தர முடியுமா என்று கேட்டாள்.

சாயங்காலம் அடுப்பு விஷயம் வந்தது. சங்கத்தில் உயரமானவர்கள் கிடையாது. ஒவ்வொருவராக வந்து தட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இதைக் கழற்றிக் கீழே வைக்கலாமே என்றார்கள். கழற்றலாம் என்று நான் ஸ்பானர் பெட்டியை எடுக்கக் குனிந்தேன்.

"வேணா," என்றாள் அம்மா. பந்தலுக்கடியில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால்களை இன்னொரு நாற்காலிமேல் நீட்டியிருந்தாள். "எம் பொண்ணு ஒசரமாத்தான் கீறா. அவளுக்கு எட்டும்."

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்குச் சமைக்கத் தெரியாது. படிக்கிற பிள்ளை என்று அடுப்படிப் பக்கமே விடாமல் வளர்த்தவள் அவள்தான்.

உப்புமா என்று முடிவானது. ஐந்து பெண்கள் சுற்றி நின்றார்கள். எண்ணெய் புகைந்தபோது ஒருத்தி இருமினாள். ரவையை வறுக்காமல் கொட்டியபோது ஐந்து பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். நாற்காலிக் கைப்பிடிகளை இறுகப் பிடித்திருந்தாள். உடம்பு பாதி எழுந்துவிட்டது. என்னைப் பார்த்தாள், தட்டின் உயரத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பின்னால் சாய்ந்தாள்.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. நைனா. இரண்டு தடவை அடிக்கவிட்டு, மூன்றாவது தடவை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்கவில்லை அவர். "ஏம்மே, உப்பு எங்க கீது?"

"தேடு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நானும் அதே நேரத்தில் உப்பைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது அறை, உப்பு என்று என் கையெழுத்தில் சீட்டு. திறந்தால் காலி. பன்னிரண்டு அறைகளையும் திறந்தேன். சர்க்கரை இருந்தது, மிளகு இருந்தது, பாட்டுப் புத்தகம் இருந்தது. அடுப்பில் ரவை இறுகிக்கொண்டிருந்தது. கேட்க வேண்டிய கேள்வி என் தொண்டைவரை வந்து நின்றது. இத்தனை மாதம், இத்தனை இரும்பு, ஒரு பெண்ணின் காதில் ஒரு நாள் அந்தக் கேள்வி விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காக.  உப்பில்லாமல் கிளறி இறக்கினேன்.

எல்லாரும் தட்டை வாங்கினார்கள். ஒரு வாய் போட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏரியில் எங்கேயோ மீன் துள்ளியது. கடைசியில் அந்த அத்தை நேராக என்னிடம் திரும்பி, "கண்ணு, உப்பு எங்க?" என்றாள்.

அம்மா சிரித்தாள். நாற்காலி ஆடும்படி, தட்டில் இருந்தது மடியில் சிந்தும்படி சிரித்தாள்.  உப்பில்லாத உப்புமாவைக் கடைசிப் பருக்கைவரை தின்றுவிட்டு, கை கழுவக்கூட எழுந்திருக்காமல், குவளையில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் காலை கிளம்பும் முன், தளர்ந்திருந்த போல்ட் ஒன்றை முடுக்க ஸ்பானர் பெட்டியைத் திறந்தேன். ஸ்பானர்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பை. அதற்குள் எங்கள் வீட்டு உப்பு ஜாடி, வீட்டில் இருந்த ஒரே ஜாடி. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெடச்சுதா?" என்றாள்.