பூஜையில் வைத்த பெட்டி

ஜெலுத்தோங்கில் எனக்கு மோட்டார் சைக்கிள் பட்டறை. பின்னறைத் தரையில் என் மகள் தன் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக ஒரு பெட்டி வைத்தாள். சோற்றுப் பானை அளவுதான். தூரத்து நிலநடுக்கத்தை அது தரை வழியாகக் கேட்கும்.

பூமிக்குள்ளே வெகு ஆழத்தில் சூடான பாறை மேடு இருக்கிறதாம். நடுக்கத்தின் அலை அதற்குள் போனால் வேகம் குறையும். எவ்வளவு தாமதம் என்று பார்த்துப் பார்த்து மேட்டை வரைவார்களாம். நான் திருப்புளியின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பேன். திறக்காமலே கோளாறு தெரியும். அதனால் அவள் படிப்பு எனக்குப் புரிந்தது.

பைராம் தோட்டத்தில் அவள் வைத்திருந்த இன்னொரு பெட்டி எறும்பு புகுந்து கெட்டது. மிச்சம் என் பட்டறையில் இருந்ததுதான். மாதக் கடைசியில் அதைப் பல்கலைக்கழகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் அந்த மேட்டுக்கு அப்பால் பசிபிக் பக்கம் ஒரு நடுக்கம் வராவிட்டால் அவள் ஆராய்ச்சி நின்றுவிடும்.

"யாரு வீடு இடியணும்னு காத்திருக்கிற?" என்று மனைவி திட்டினாள்.

"அறுநூறு கிலோமீட்டர் ஆழத்துல வரும்மா. மேல ஒருத்தருக்கும் தெரியாதுலா."

ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தேன். மகளின் பெட்டியை மட்டும் விட மனம் வரவில்லை. அவளுக்குச் சோறு போடப்போகிற சாமான். தூக்கி வந்து சந்தனம் பூசி வரிசையில் வைத்தேன்.

அவள் கைபேசியோடு ஓடி வந்தாள். "அப்பா, வந்துருச்சு! ஃபிஜி பக்கம், நல்ல பெருசு!"

பெட்டியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அசைக்கக் கூடாதுன்னு சொன்னேனேப்பா."

"சாமி கும்பிடத்தான் எடுத்தேன்."

அந்த அலை பதிவாகாமல் போனது. அவள் பெட்டியைப் பழைய இடத்தில் வைத்து மட்டம் பார்த்தாள். பொட்டை அழிக்கவில்லை.

மீதி ஐந்து நாள். தினமும் பட்டறைக்குப் போனேன். கதவைப் பாதி இறக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

"அண்ணே, காத்தாவது அடிச்சு விடுங்கலா" என்று டயர் இறங்கிய பைக்கோடு ஒரு பையன் வந்தான்.

"கம்ப்ரசர் போடமாட்டேன், தம்பி."

"கெட்டுப்போச்சா?"

"இல்ல. மக கேட்டுக்கிட்டு இருக்கா."

நாலாம் நாள் மகள் மடிக்கணினியோடு வந்தாள்.

"ஒன்னு வந்துச்சுப்பா. சின்னதுதான். பட்டறைச் சத்தத்துல முங்கியிருக்கணும். ஆனா நாலு நாளா அது வந்தப்ப தவிர கோடு அசையவே இல்ல." பாதிக் கதவைப் பார்த்தாள். "கடையத் திறக்கலையா நீங்க?"

"அலை எவ்வளவு லேட்டு?"

"மூணு செகண்டு."

"போதுமா?"

"போதும்ப்பா."

அவளே போய்க் கம்ப்ரசரைப் போட்டாள்.