முக்கூடல் பையனின் வெறும் வயிறு

1. முதல் கடி

நர்ஸ் வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு பெண்பிள்ளை என் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள். அவளுக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது. அந்தப் பல் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதை டாக்டரம்மாவுக்கு முன்னால் நான்தான் தெரிந்துகொண்டேன்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்துக்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாக நடந்த சங்கதி. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. ஒரே டாக்டர், சீமையிலிருந்து வந்த அம்மாள். வேதப் புத்தகத்தைப் படித்தே தமிழ் கற்றவர். ஆதலால் நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கமாட்டார், "உன் வேதனை யாது?" என்பார். சீழ் பிடித்த பல்லென்றால் பிள்ளைகளைக் குளோரபாரத்தால் மயக்கித்தான் எடுப்போம். குறடு அவர் கையில், குளோரபாரம் சொட்டும் பாட்டில் என் கையில். பிள்ளைகளை அதற்குத் தயார் செய்வதும் என் வேலை. நான் வருவதற்கு முன் தயார் செய்வது என்றால் நாலு பேர் கைகாலைப் பிடித்துக்கொள்வது என்று அர்த்தம்.

2. பன்னீர்

கடிபட்ட எனக்கு வேறு வழி தேடவேண்டியிருந்தது. கம்பியை வளைத்து மேலே பிளானல் துணி தைத்த மாஸ்க் ஒன்று உண்டு. அதில்தான் மருந்தைச் சொட்டவேண்டும். ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் அதில் பன்னீர் தெளித்து ஒரு பையனிடம் முகரக் கொடுத்தேன். "நாளைக்கும் இதேதான்" என்றேன். அவனும் சிரித்துக்கொண்டே மேஜையில் ஏறிப் படுத்தான். குளோரபாரம் முதல் சொட்டு விழுந்ததும் எழுந்து உட்கார்ந்து, "நீ பொய் சொல்லுத" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினான். இரண்டு பேர் துரத்திப்போய் வாய்க்கால் கரையில் பிடித்தார்கள்.

அதிலிருந்து பிள்ளைகளிடம் பொய் சொல்வதை விட்டேன். நாறும், தொண்டை எரியும், தூங்கிவிடுவாய், விழிக்கும்போது வலிக்கும், ரத்தம் வரும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். வெறும் மாஸ்க்கை மூக்கில் வைத்து, "ஊது, துணி ஆடவேணும்" என்பேன். பலமாக ஊதினவன் பலமாக மூச்சை இழுத்துத்தானே ஆகவேண்டும்? நன்றாக ஊதினால் என் ஜேபியிலிருந்து ஒரு துண்டுக் கற்கண்டு கொடுப்பேன். இதை நானே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

3. சங்கு

மோட்டார் பஸ் வராத காலம். முக்கூடலிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது. ஏழு வயதுப் பையன் சுடலை, அவன் அப்பா ஆறுமுகம், தாயில்லாத பிள்ளையை வளர்த்த அத்தை பேச்சியம்மாள். பையனின் வலது தாடை வீங்கி, வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. வீக்கம் கழுத்துக்கு இறங்கத் தொடங்கியிருந்தது. டாக்டரம்மா மறுநாள் விட்டு அதற்கடுத்த நாள் விடியற்காலம் ஏரலுக்கு முகாம் போகிறார், திரும்பப் பத்து நாளாகும். பையன் பத்து நாள் தாங்கமாட்டான். ஆகவே கெட்டுப்போன பற்களை மறுநாளே எடுத்தாக வேண்டும்.

சாயங்காலம் பையனுக்கு ஊதப் பழக்கிவிட்டு அத்தையிடம் சொன்னேன்.

"ராத்திரிக் கஞ்சியோட சரி. காலையில பச்சத்தண்ணி கூடக் கூடாது. வயித்துல எது இருந்தாலும் மயக்கத்துல வாந்தியா வந்து மூச்சுக்குழல்ல போயிரும். பிள்ள உயிருக்கே ஆபத்து."

"பச்சப்பிள்ளயப் பட்டினி போட்டா மயங்கிருவானே, நர்சம்மா."

"மயங்க வைக்கத்தானே கூட்டிட்டு வந்திருக்கிய?"

காலையில் பையனை ஒரு தடவை ஊதிக் காட்டச் சொன்னேன். பிரமாதமாக ஊதினான். பிறகு அத்தையிடம், ஏதாவது கொடுத்தீர்களா என்று விசாரித்தேன். "வாயத் தொறக்க முடியாத பிள்ளைக்கு எப்படிம்மா குடுக்க?" என்றாள். ஆறுமுகம் கூரையில் ஓடிய பல்லியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நம்பிவிட்டேன்.

ஒன்பது மணிக்கு மேஜையில் படுக்கவைத்து மாஸ்க்கை மூக்கருகே கொண்டுபோய் ஒரு சொட்டு விட்டேன். பையன் கையைத் தூக்கினான்.

"நாறும்னு சொன்னிய. நாறுது."

"ஆமாலே."

"நீங்க எங்கிட்ட பொய் சொல்லல. அதனால நானும் சொல்லிருதேன். நான் சாப்பிட்டேன்."

மாஸ்க்கை எடுத்துவிட்டேன். டாக்டரம்மா குனிந்து, "பையனே, நீ என்ன புசித்தாய்?" என்றார்.

வீங்கிய வாயோடு அவன் நிதானமாக விரலை மடக்கினான். "அத்தை சங்குல கஞ்சி ஊத்துனா. அப்பாட்ட சொல்லாதன்னா. பொறவு அப்பா வாழப்பழத்தப் பிசைஞ்சு தந்தாரு. அத்தைட்ட சொல்லாதன்னாரு. சமையல்கார அம்மா பாலு குடுத்தாவ. யார்ட்டயும் சொல்லாதன்னாவ."

ஏழு வயதுப் பிள்ளைக்குக் கைக்குழந்தை போலச் சங்கில் ஊட்டிய அத்தையையும், அப்பனையும், எங்கள் சமையல்காரி பாக்கியத்தையும் என்ன செய்யலாம் என்று நான் இடுப்பில் கைவைத்து யோசித்துக்கொண்டிருந்தேன். பையன் நாலாவது விரலை மடக்கினான்.

"கடைசியா நர்சக்கா கற்கண்டு தந்தாவ, நல்லா ஊதுனேன்னு. அவிய மட்டும் யார்ட்டயும் சொல்லாதன்னு சொல்லல."

இடுப்பிலிருந்த கை தானாகக் கீழே இறங்கியது. பழக்கதோஷம். ஊதினான், ஜேபியில் கையை விட்டேன், கொடுத்தேன். எனக்கே நினைவில்லை.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மாலை நான்கு மணிக்குச் செய்வோம். அதற்குமேல் வெளிச்சமில்லை. அதுவரை, கொடுத்த நால்வரும் இவனோடேகூடப் பட்டினியாயிருக்கக்கடவர்கள்" என்றார்.

4. வராந்தா

நாங்கள் நாலு பேரும் வராந்தாவில் உட்கார்ந்தோம், பையன் நடுவில். ஆறுமுகம் அக்காவைப் பார்த்து, "சங்க மடியில ஒளிச்சு வச்சிருந்தியாக்கும்" என்றார். "நீ பழத்த வேட்டியில முடிஞ்சு வைக்கலியா?" என்றாள் பேச்சியம்மாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளயப் பட்டினி போடச் சொன்னா எந்தப் பொம்பளைக்கு மனசு வரும்? சஷ்டிக்கு ஆறு நாளும் நான் எச்சி முழுங்க மாட்டேன். அது விரதம்."

"இதையும் விரதம்னே வச்சுக்கிடுங்க."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "விரதமா? இத நேத்தே சொல்லக்கூடாதா? விரதத்துல இருக்க பிள்ள வாயில கஞ்சி ஊத்துவேனா நான்?"

எழுந்துபோய்க் குளித்து, ஈரப்புடவையோடு வந்து பையனுக்குத் திருநீறு பூசினாள். அதன்பிறகு அவனை நெருங்க யாருக்கும் தைரியமில்லை. உதடு காய்ந்திருக்கிறதே என்று டாக்டரம்மாவே ஈரத்துணியோடு வந்தார். பேச்சியம்மாள் குறுக்கே கையை நீட்டி, "விரதம்" என்றாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "உபவாசந்தான் அம்மா" என்றேன். துணியை மடித்துக்கொண்டு போனார்.

பாக்கியம் நிலைமைதான் மோசம். எழுந்துபோய் விரதத்தோடு வார்டு முழுவதுக்கும் சமைத்தாள். நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது என்பதால் அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. நோயாளிகள் எல்லோரும் புகார் சொன்னார்கள். எனக்கு அந்த உப்பில்லாத குழம்பின் வாசனையே தலையைச் சுற்றவைத்தது.

நாலு மணிக்குப் பையன் ஊதினான். பதினாலு வரை எண்ணித் தூங்கினான். டாக்டரம்மா இரண்டாவது பல்லை எடுக்கும்போது அவன் வயிறு குலுங்கியது. குமட்டினான். தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தேன். மஞ்சள் நீர் ஒரு ஸ்பூன் அளவு வழிந்தது, அவ்வளவுதான். காலையிலேயே செய்திருந்தால் கஞ்சியும் பழமும் பாலும் வந்திருக்கும், பையன் எங்கள் கையிலேயே போயிருப்பான். என் வேலைக்காலத்தில் அத்தனை பயம் நான் பட்டதில்லை. மூன்று பற்களும் ஒரு கிண்ணம் சீழும் எடுத்தோம்.

விழித்ததும் பஞ்சு அடைத்த வாயோடு என்னைத் தேடினான்.

"நர்சக்கா, நீங்க சாப்பிட்டியளா?"

"இல்லலே."

"சத்தியமா நானும் ஒண்ணும் சாப்பிடல. யாரும் தரல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பசியினால் என்று பாக்கியத்திடம் சொல்லிக்கொண்டேன்.

இனி வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள், அவர்களும் உள்ளதைச் சொல்வார்கள். பெரியவர்களிடம் பட்டினி என்று சொல்லாதீர்கள். நான் அதற்குப்பின் விரதம் என்றே சொன்னேன், மேலப்பாளையத்து முஸ்லிம்களிடம் நோன்பு என்றேன், எங்கள் சபைக்காரர்களிடம் உபவாசம் என்றேன், கூட வந்தவர்களையும் சேர்ந்து இருக்கச் சொன்னேன். யாரும் மீறவில்லை.

ஆனாலும் மீறக்கூடிய ஆள் ஒருத்தி ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். அன்று சாயங்காலம் கஞ்சி குடித்த கையோடு ஊசியும் நூலும் எடுத்து என் ஜேபியின் வாயைத் தைத்தேன். அதற்கப்புறம் எத்தனையோ உடுப்பு மாற்றினேன், எல்லாவற்றிலும் ஜேபியைத் தைத்தேன். ஓய்வு பெறும்வரை ஒன்றிலும் அந்தத் தையலைப் பிரிக்கவில்லை.