கருவேல முள்ளும் ரங்கூன் தட்டும்

முள்ளின் நுனியை ஜெயபாய் மணிக்கட்டில் வைத்து அழுத்திப் பார்ப்பாள். சுருக்கென்று குத்தினால் கிராமபோனில் ஊசியாக மாட்டுவாள். சும்மா உறுத்தினால் அது அடுப்புக்குப் போய்விடும். வன்னியம்பட்டி சாலையோரக் கருவேல மரங்களில் நீளமான முள்ளாகப் பார்த்து ஒடித்து வந்து, முறத்தில் காயவைப்பது என் தங்கை ஜெயபாயின் வழக்கம். பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் எட்டிப் பார்த்து, "ஏட்டி, ஊரே மொளகா வத்தல் போடுது. நீ முள்ளு வத்தலா போடுத?" என்பாள்.

"ஆமா மயினி. ரசத்துக்கு ரெண்டு கிள்ளித் தரட்டா?"

இரும்பு ஊசி இசைத்தட்டைத் தின்றுவிடும். முள் தான் தேயுமே தவிர, தட்டை அவ்வளவாகத் தேய்க்காது. சத்தம் மட்டும் குறைவு. அதனால் ஜெயபாய் பெட்டிக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்து கேட்பாள். கொண்டையில் பென்சில் செருகியிருக்கும். வேகமான இடம் வந்தால், ஓட்டத்தைக் குறைக்க, சுழலும் தட்டின் ஓரத்தில் கட்டை விரலை மெல்ல வைப்பாள். தட்டில் ஒலிக்கும் பியானோ எருமை கத்துவதுபோல் இறங்கிவிடும். எனக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு வராது. "கொரல் எம்புட்டு எறங்குனாலும் டோவுக்கும் மீக்கும் உள்ள தூரம் மாறாதுல்லாக்கா" என்பாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வேதக்கோயில் பாடகர் குழு ச, ரி, க-வுக்குப் பதிலாகப் படிக்கிற அந்த டோ, ரே, மீ எழுத்துகளில்தான், நான் ரவிக்கை வெட்டும் பழுப்புத் தாளில், எல்லாவற்றையும் எழுதுவாள். தாளுக்குக் கோடு போட்டுத் தருவது நான். ஒரு கோடும் கோணியதில்லை.

தட்டு எங்களுடையதல்ல. எங்கள் அப்பாவின் சிநேகிதர், ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி ராஜரத்தினம் பெரியப்பாவுடையது. அவர் மகன் வைகுண்டராஜ் ரங்கூனில் கிராமபோன் கடையில் வேலை பார்த்தவர். கடைசியாக விடுப்பில் வந்தபோது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் யாரோ ஒரு கறுப்பர் தனியாக உட்கார்ந்து வாசிக்கும் ஜாஸ் பியானோ. ஒட்டியிருந்த காகிதம் உரிந்துவிட்டதால் பேர் தெரியாது. தட்டு முடியும் இடத்தில் வரும் கடைசி அடியை வைகுண்டராஜ், பியானோக்காரரோடு சேர்ந்து, செம்பில் கரண்டியால் 'டங்' என்று அடிப்பாராம். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை.

பெரியப்பாவுக்குத் தட்டைக் கேட்காமலும் இருக்க முடியவில்லை, கேட்கவும் பயம். ஒவ்வொரு தடவையும் இரைச்சல் கூடுகிறது. "அவன் வந்து கேக்கையில இது ஊமையா இருந்துச்சுன்னா நான் என்ன சொல்லுவேன்?" என்று எங்கள் வீட்டில் ஒருநாள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். ஜெயபாய் அப்போதுதான் சொன்னாள்: "நான் எழுதி எடுத்து வாசிக்கேன் பெரியப்பா. நீங்க என்ட்ட கேளுங்க. பிளேட்டு ரங்கூன்காரவியளுக்கு இருக்கட்டும்."

அவள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பழைய பியானோ ஒன்று கிடக்கிறது. அந்தக் கறுப்பர் இடது கையால் பத்துக் கட்டை தூரத்தை ஒரே பிடியில் பிடிக்கிறார். ஜெயபாயின் கை சிறியது. அதனால் ஒரு பிடியை இரண்டாகப் பிரித்தாள். அடிச் சுரத்தைத் தொட்டுவிட்டு மேலே தாவினாள். பியானோவில் பேசாத கட்டை ஒன்று உண்டு. அது வரும் இடங்களிலெல்லாம் சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி எழுதினாள்.

பெரியப்பா வந்து அவள் வாசிப்பதை முழுசும் கேட்டார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு தாயி. ஆனா இவன் குளிச்சி, தலை சீவி, கோயிலுக்கு வந்திருக்கான். நம்ம பிளேட்டுல உள்ளவன் இப்பிடி நடக்க மாட்டான்."

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவள் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள். ஞாயிறுதோறும் பாட்டில் பின்தங்கும் சபையாரை இழுத்துப் பிடித்து நேராக்குவதுதான் ஆர்மோனியத்தில் அவள் வேலை. அந்தக் கறுப்பர் வேண்டுமென்றே சற்றே தாமதித்துப் போட்ட சுரங்களையும் அதேபோல இழுத்து நேராக்கியிருந்தாள். "அவரு இடது கை நடக்குக்கா. வலது கை வேடிக்கை பார்த்துக்கிட்டே பின்னால வருது. நான் ரெண்டு பேரையும் வரிசையில நிப்பாட்டிட்டேன்."

பெரியப்பா இன்னும் ஒரே ஒரு தடவைதான் தட்டைப் போட விடுவதாகச் சொன்னார். அதற்காக அவள் காதைத் தயார்படுத்திய விதம் இது: என்னைத் தையல் மிஷினை ஒரே சீராக மிதிக்கச் சொல்லிவிட்டு, மிஷின் பலகையில் வலது கை விரல்களால் பிந்திப் பிந்தித் தட்டுவாள்.

"ஏட்டி, உன் தாளத்துல ரவிக்கைத் தையல் கோணுது!"

"கோணட்டும்க்கா. காலை மட்டும் நிறுத்திராத."

அந்த ஒரு தடவை தட்டு ஓடியபோது அவள் பென்சிலைத் தொடவே இல்லை. கண்ணை மூடி, விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் தாளில் பிந்தி வரும் ஒவ்வொரு சுரத்துக்கும் மேலே ஒரு சின்ன வால் போட்டாள்.

இப்போது தட்டு பெரியப்பா வீட்டுப் பெட்டியில், பட்டுத் துணிக்குள் இருக்கிறது. சனிக்கிழமை சாயந்தரம் அவர், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் புகை குடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருவார். முதல் சனிக்கிழமை ஜெயபாய் வாசிக்க ஆரம்பித்ததும் அவர் முகம் மலர்ந்தது. "வந்துட்டான்! இவந்தான்!" என்று தொடையில் தட்டினார். பியானோக்காரரைச் சொன்னாரோ, மகனைச் சொன்னாரோ, நான் கேட்கவில்லை.

முடிவை நெருங்கியதும் ஜெயபாய் கைகளைத் தூக்கிவிட்டாள். கடைசி அடி விழவில்லை.

"ஒண்ணு விட்டுப்போச்சே தாயி?"

"விட்டுப்போகலை பெரியப்பா. அது அவிய செம்புல அடிக்க வேண்டியது. வந்து அடிப்பாவ."

சொல்லிவிட்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும்படி இடம் விட்டாள். அடுத்த சனிக்கிழமை, வாசிக்க ஆரம்பிக்கும்போதே அப்படித்தான் உட்கார்ந்தாள்.